ஜப்பானில் எனக்கு வந்த பங்காளித் தீட்டு

1

ஜப்பானில் சைக்கிள் பயணம் போனேன் என்று போனில் சொன்னால் போதும், ஊரில் எல்லாரும் செர்ரிப் பூவைப் பற்றியும் புல்லட் ரயிலைப் பற்றியும் எழுதச் சொல்கிறார்கள். எழுதலாம். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு நாங்கள் சைக்கிளைத் தொடவே இல்லை. அன்று காலையில்தான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் உள்ள எங்கள் நிலத்தில் போர்வெல் வண்டி வந்து நின்றது. அன்று காலையில்தான் என் பங்காளி பச்சையப்பன் செத்தும் போனான். ஒரு நாள் பொறுத்துச் செத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

'காலமானார்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கை வரவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். நகோயாவுக்கு வெளியே கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. 2004 ஆகஸ்டில், பள்ளி விடுமுறையில், மகள் கயல்விழியை அழைத்துக்கொண்டு வடக்கே கடலோரமாகச் சைக்கிளில் கிளம்பினேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஜப்பானியில் பதில் சொல்லுவாள். பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக்கொண்டு போனால் நாலு வார்த்தை தமிழில் பேசுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவளோ ஒவ்வொரு மேட்டிலும் எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்றுகொண்டு, நான் மூச்சு வாங்கி வருவதை வேடிக்கை பார்த்தாள்.

முழங்கால் வீங்கிக்கொண்டதும் ஒரு நாள் ஓய்வு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. வழியில் யோஷிதா-சான் வீடு இருந்தது. 'சான்' இங்கே பெயரோடு ஒட்டுகிற மரியாதைச் சொல். அவர் என் பழைய ஃபோர்மேன். கம்பெனியில் இருந்தவரை என்னைத் திட்டாத நாள் கிடையாது. ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் நெல் விளைக்கப் போனபிறகு, ஆண்டு தவறாமல் எனக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறவர். அவரும் அவர் மனைவி சச்சிக்கோ-சானும் எங்களை வாசலிலேயே நின்று வரவேற்றார்கள். ஏழுமலை என்ற என் பெயர் அவர்கள் வாயில் 'எருமராய்' என்று வரும். கயல் ஒவ்வொரு முறையும் சிரித்தாள். எருமை என்கிற தமிழ்ச் சொல் மட்டும் அவளுக்கு மறக்கவே இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் அந்தக் கிராமத்துக் கோயில் திருவிழா. சாமியைச் சிறிய மரக் கோயிலில் வைத்துத் தோளில் தூக்கி ஊர் சுற்றி வருவார்கள். நம் ஊரில் உற்சவ மூர்த்தியைத் தூக்குவது மாதிரிதான், சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. இளவட்டங்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டதால் தோள் கொடுக்க ஆள் கம்மி. "முழங்கால் போனால் என்ன, தோள் இருக்கிறதே" என்று யோஷிதா-சான் எனக்கும் ஒரு நீலச் சட்டை எடுத்து வைத்திருந்தார். கயலுக்கு சச்சிக்கோ-சான் தன் மகளின் பழைய யுகாத்தாவை, திருவிழாவுக்கு உடுத்துகிற பருத்தி அங்கியை, பிரித்துத் தைத்து அளவு பார்த்துவிட்டார்.

நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். திருவிழாவுக்காக இல்லை. ஊரில் போர் இறங்கப் போகிற சந்தோஷம்.

2

அந்தப் போர் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிணறு என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. ஒரு நாள் தண்ணீர் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. இதற்கு எழுத்து எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் எந்தப் பொதுக் கிணற்றுக்கும் கிடையாது. ஆனால் முறை என்றால் முறைதான். எங்கள் முறை அன்று பெரியப்பா வீட்டு நெல் காய்ந்தாலும் அவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் வரமாட்டார். மின் இணைப்பு மட்டும் பெரியப்பா பெயரில் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் யார் பெயரில் இருந்தால் என்ன என்று அப்பா விட்டுவிட்டார்.

பெரியப்பா போனார். பின்னால் அப்பாவும் போனார். தொண்ணூற்றிரண்டு என்று நினைவு. வயலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூவெடுத்து விழுது இறங்குகிற நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் தப்பினால் வெறும் செடிதான் மிஞ்சும். எங்கள் முறை நாளில் அம்மா மோட்டார் போடப் போனபோது கொட்டகையில் ஃப்யூஸ் கட்டைகளைக் காணோம். பெரியப்பா மகன் பச்சையப்பன் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்றான்.

"இன்னா சின்னம்மா, சித்தப்பாவே பூட்டாரு. போனவருக்கு இன்னாத்துக்கு முறை? உம் புள்ளையோ பட்டறையில போல்ட்டு முறுக்கறவன். அவனா வந்து ஏரு ஓட்டப்போறான்? குடிக்க ஒரு குடம் வேணும்னா கேட்டு எடுத்துக்க. நான் வேணாங்கல."

நான் அப்போது டிப்ளமோ முடித்துத் திருவண்ணாமலையில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். தினம் சைக்கிளில்தான் போய்வருவேன். அதே சைக்கிளில் மின்சார அலுவலகம் போனேன். சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீஸ் போனேன். இது குடும்பத் தகராறு என்றார்கள். வேங்கிக்காலுக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, திங்கட்கிழமை திங்கட்கிழமையாக மனுவோடு போய் வரிசையில் நின்றேன். மனு சுற்றிச் சுற்றி மறுபடி தாலுகா ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. அதற்குள் மல்லாட்டை நின்ற இடத்தில் நின்றபடி கருகிவிட்டது. அம்மா அந்தச் செடிகளைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். அன்றிலிருந்து அவள் அந்தக் கிணற்று மேட்டில் கால் வைத்ததில்லை. குடிதண்ணீருக்கு மெயின் ரோட்டுக் குழாய்வரை நடந்தாள்.

ஜப்பானுக்கு வந்த பிறகு என்னோடு வேலை செய்தவர்கள் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசினார்கள். நான் ஆழத்தைப் பற்றி யோசித்தேன். கிணற்றுக்கு நேர் எதிரே, எங்கள் வரப்பை ஒட்டி, அந்தக் கிணறு கனவிலும் எட்டாத ஆழத்துக்கு ஒரு போர் இறக்கி, பெரிய மோட்டாராகப் போட்டால், கிணற்று ஊற்று மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரே கோடையில் அவன் கிணற்றில் தவளை குதித்தால் எலும்பு முறிய வேண்டும். நீரோட்டம் பார்த்தவர் நிலத்தின் மேற்கு மூலையில்தான் தண்ணீர் அதிகம் என்றார். எனக்கு அது தேவையில்லை. அவன் காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி ஒரு தடவை கேட்டாள், உங்களுக்கு வேண்டியது தண்ணீரா, அவன் அழுவதா என்று. அவன் அழுவதுதான் என்றேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

3

ஆடி போய் ஆவணி பிறந்ததும் நாள் குறித்தோம். எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தது என் தங்கை வீட்டுக்காரன் சேகர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிறான். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் கடையைப் பூட்டிவிட்டு விடியும் முன்பே ஊருக்குப் போயிருந்தான். செல்போன் அவனிடம்தான் இருந்தது.

நான் நீலச் சட்டையைப் போட்டு, தலையில் துணி கட்டி, கண்ணாடி முன்னால் நின்றபோது போன் அடித்தது.

"மச்சான், காரியம் கெட்டுப்போச்சு."

"இன்னாடா, வண்டி வரலியா?"

"வண்டியெல்லாம் வந்துடுச்சு. குழாயெல்லாம் எறக்கிட்டாங்க. அத்தை எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாத்தையும் கையில வச்சினு நிக்குது. இப்பதான் ஆளு வந்து சொல்லிட்டுப் போறான். பச்சையப்பன் பூட்டாரு."

"எங்க பூட்டான்?"

"செத்துட்டாரு மச்சான். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். வண்டி புடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

எனக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தப்பித்துவிட்டான். இத்தனை வருஷம் காத்திருந்து, குழாய் எல்லாம் இறக்கி வைத்த பிறகு, கையை விட்டு நழுவிவிட்டான். துக்கம் கொஞ்சம்கூட வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அடுத்த நிமிஷம் இன்னொன்று உறைத்தது. அவன் பங்காளி. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எனக்குத் தீட்டு. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் தீட்டு உண்டு. காரியம் முடிகிறவரை எங்கள் வீட்டில் பூஜை போட்டு எதையும் தொடங்க முடியாது. உயிரோடு இருந்தபோது தண்ணீரை நிறுத்தினான். இப்போது செத்தும் நிறுத்துகிறான்.

அப்போதுதான் என் மூளை நன்றாக வேலை செய்தது.

"மாப்ள, தீட்டு எங்களுக்குத்தானே? நீ சம்பந்தி வூட்டு ஆளு. உனக்குத் தீட்டு கெடையாது. நீ பூஜை போடு. இஞ்சினை ஓட்டச் சொல்லு."

"இன்னா மச்சான் பேசறீங்க? பொணம் வாசல்ல கெடக்குது. கூப்பிடு தூரம்கூட இல்ல. மெஷின் சத்தம் கேட்டா ஊருல என்னைக் கட்டி வச்சி அடிப்பாங்க."

"அதுக்குத்தான்டா போடச் சொல்றேன். போறப்ப அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினே போவட்டும்."

சேகர் "அத்தையை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தபோது போன் அணைந்திருந்தது.

4

இந்தச் செய்தியை யோஷிதா-சானிடம் சொல்லப் போவதில்லை என்று முடிவு பண்ணினேன். பச்சையப்பனுக்காக ஒரு திருவிழாவை விடுவதா? தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் கயல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழில் பேசமாட்டாளே தவிர, அவளுக்குக் காது கேட்கும். "ஊரில் எல்லாரும் நலமா?" என்று சச்சிக்கோ-சான் கேட்டதும், அவள் நிதானமாக ஜப்பானியில் சொன்னாள்: "அப்பாவின் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்றுதான் சொல்கிறோம். அவளும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தாள். ஜப்பானில் அதற்கு வேறு உறவுச் சொல் இருக்கிறது, அந்த உறவுக்குத் துக்கமும் கம்மி. அவள் சொன்ன சொல்லில் பச்சையப்பன் எனக்குக் கூடப் பிறந்தவனாகிவிட்டான்.

வீடே மாறிப்போனது. யோஷிதா-சான் தரையில் மண்டியிட்டு எனக்கு நெற்றி படத் தலை வணங்கினார். சச்சிக்கோ-சான் என் தோளிலிருந்து நீலச் சட்டையை மெதுவாகக் கழற்றி மடித்தார். 'கூடப் பிறந்தவன் இல்லை, பெரியப்பா மகன்தான்' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை என்னை விட்டிருப்பார்கள். ஆனால் ஊர்க் கணக்கில் எனக்குத் தீட்டு உண்டு என்பது எனக்கே தெரியுமே. வாயை மூடிக்கொண்டேன்.

"துக்கத்தில் இருப்பவர்கள் கோயில் வாசல் வளைவுக்குக் கீழே போகக்கூடாது, எருமராய்-சான்" என்றார் யோஷிதா-சான். "என் அம்மா இறந்த வருஷம் நானும் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். சாமி தூக்கும்போது எப்போதும் முன்கொம்பு என் இடம். அந்த வருஷம் எதிர்வீட்டுக்காரர் பிடித்தார். இன்றுவரை திருப்பித் தரவில்லை."

இத்தனை வருஷத்தில் அன்றுதான் எனக்கு அவரை மனசாரப் பிடித்தது.

கயலுக்கும் தடை. செத்தவனுக்குப் பங்காளி மகள் அல்லவா. யுகாத்தாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக முழுசாகத் தமிழில் பேசினாள், சண்டை போட.

"நான் அவரைப் பார்த்ததே இல்ல. நீங்கதான் தினமும் அவன் சாகணும், சாகணும்னு சொல்லுவீங்க. இப்ப செத்துட்டாரு. நீங்க போகாதீங்க. நான் ஏன் போகக்கூடாது?"

"சாகணும்னு சொல்லல. அழணும்னுதான் சொன்னேன்" என்றேன். அவள் யுகாத்தாவைத் தூக்கிப் பாயில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

தீட்டு வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டும். தோட்டத்துக் குழாயடியில், உடுத்திய துணியோடு, பச்சைத் தண்ணீரில் நின்றேன். அவனை எப்போதோ தலைமுழுகியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், அவனுக்காக நிஜமாகவே தலை முழுகினேன். சச்சிக்கோ-சான் ஒரு கைப்பிடி உப்போடு வந்து நின்றார். சாவுக்கு உப்புத் தூவிச் சுத்தம் செய்வது அவர்கள் வழக்கம். ஈரத் தலையில் உப்பு விழுந்து கண் எரிந்தது. நான் அழுவதாக நினைத்துக்கொண்டு அவரும் அழுதார்.

அதோடு விடவில்லை. அவர்கள் வீட்டில் முன்னோருக்கென்று ஒரு கருப்பு மாடம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, என்னை உட்காரச் சொன்னார்கள். என் அண்ணன் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். யோஷிதா-சான் கஷ்டப்பட்டு அந்தப் பெயரைச் சொல்லி வணங்கினார். நானும் கை கூப்ப வேண்டியதாயிற்று. பச்சையப்பனுக்காக ஜப்பானில் நான் சாமி கும்பிட்டேன். இதை ஊரில் இருப்பவர்கள் படித்துச் சிரிக்கட்டும்.

"எப்படிப்பட்ட மனிதர்?" என்று யோஷிதா-சான் மெல்லக் கேட்டார்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்க வேண்டும்" என்றேன். அவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

5

மதியம் மேளச் சத்தம் தெருவில் வந்து போனது. யோஷிதா-சானை நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். சச்சிக்கோ-சான் துக்க வீட்டுச் சாப்பாடாக மீன் இல்லாமல் சமைத்துக் கொடுத்தார். நான் மூங்கில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்வலத்தைப் பார்த்தேன். முன்கொம்பை எதிர்வீட்டுக்காரர்தான் பிடித்திருந்தார். யோஷிதா-சான் மூன்றாவது ஆளாக, பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

போனை மடியிலேயே வைத்திருந்தேன். இந்நேரம் துளை எத்தனை ஆழம் போயிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பறைச் சத்தமும் இஞ்சின் சத்தமும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பொழுது சாயும்போது அடித்தது. சேகர் இல்லை, அம்மா. அவள் செல்போனைக் காதில் வைத்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"ஏழுமலை! சாப்ட்டியா?"

"அதை வுடும்மா. போர் எறங்கிடுச்சா?"

"வண்டியைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டு அனுப்பின? அவன் உன்னை இன்னா பேச்சு பேசினான்? எல்லாம் மறந்துடுச்சா?"

"உனக்கு எதுவும் தெரியாது. சொல்றதைக் கேளு. பொணத்தைக் குளிப்பாட்ட பங்காளி வூட்டுப் பொம்பளைங்கதான் தண்ணி மோந்து வரணும். இங்க இருக்கறதுல மூத்தவ நான்தான். அவன் பொண்டாட்டியே வந்து என் காலைப் புடிச்சிக்கினு அழுவுது, வா அத்தைன்னு."

"போனியா?"

"போனேன். குடத்தை எடுத்துக்கினு நேரா கெணத்துக்குப் போனேன். ஊரே பின்னாடி வந்துச்சு. மொத படியில நின்னுக்கினு சொன்னேன். இது எங்க வூட்டு முறைத் தண்ணி. இவன் குளிக்க நான் குடுக்கறேன். காரியம் முடிஞ்ச மறுநாள்லேருந்து எங்க மோட்டாரு இங்க ஓடும். வேணாங்கறவங்க இப்பவே சொல்லிடுங்க, குடத்தைக் கவுத்துட்டு வூட்டுக்குப் போறேன்னேன்."

"யாராச்சும் பேசினாங்களா?"

"யாரு பேசுவாங்க? பொணம் குளிக்காம கெடக்குது. அவன் பெரிய மவன் எல்லாரு முன்னாலயும் சரின்னு தலையாட்டிட்டான். நாட்டாமையும் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம்தான் மோந்தேன்."

வேங்கிக்கால் வரிசைகளில் நான் நின்ற திங்கட்கிழமைகள் எல்லாம் ஒரு குடத்துக்குள் போய்விட்டன. நான் பத்து வருஷத்துக்கு மேல் யோசித்து ஒரு பழி வைத்திருந்தேன். அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறு ஒன்றைத் தன் கையாலேயே முடித்திருந்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

"கெணத்துல தண்ணி இருக்குதாம்மா?"

"நெறைய இருக்குது. இதைப் போயி வத்த வைக்கப் பாத்தியே, உனக்கு அறிவு இருக்குதா?"

"எல்லாம் சரிம்மா. ஆனா அவன் பாக்கலியே. உயிரோட இருந்து பாத்திருக்கணும் அந்த நாயி."

போனில் பறைச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் அம்மா பேசினாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அரைக்கண்ணு தொறந்துதான்டா கெடந்தான். யாரும் மூட வராதீங்கன்னு சொல்லிட்டேன். மொத குடம் தலையில ஊத்தினப்புறம் நான்தான் மூடினேன்."